பீடத்துக்கு முன் ஒப்புரவு



யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு வேலித் தகராறு இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. வேலியடைக்கும் காலத்தில் ஒரு கதியால் நாலு விரல் தள்ளி நாட்டப்படுகிறது. அடுத்த வளவுக்காரர் அதைக் கண்டுகொள்கிறார். வாய்ப்பேச்சு வழக்காகிறது. தகப்பன் தொடங்கிய வழக்கைப் பிள்ளைகள் நடத்துகிறார்கள். முப்பது வருடம் கழித்து விசாரித்தால், அந்த நாலு விரல் நிலம் எது என்று இரு வீட்டாருக்கும் சரியாகத் தெரியாது. பேச்சுவார்த்தை இல்லை என்பது மட்டும் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

கிறிஸ்தவர்களாகிய நமக்குள்ளும் இப்படியொரு வேலி ஐந்நூறு வருடங்களாக நிற்கிறது. ஒரு பக்கம் நாம். மறு பக்கம் நம் புரட்டஸ்தாந்து சகோதரர்கள். இந்த வேலி எதற்காக நாட்டப்பட்டது? அதைப் பற்றி அண்மைக் காலத்தில் திருச்சபை என்ன செய்தது? அதிலிருந்து நம் குடும்பங்களும் பங்குகளும் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? இவற்றை உடுவிலிலிருந்து நோக்குவோம்.

1. உடுவில் மண்ணின் நினைவுகள்

உடுவில் என்றதும் பலருக்கு நினைவில் வருவது மகளிர் கல்லூரி. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வின்சிலோ குருவானவரின் மனைவி ஹரியற் அம்மையார் 1824ஆம் ஆண்டு அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. பின்னர் எலைசா அக்னியூ அம்மையார் 1840 முதல் ஏறக்குறைய நாற்பது வருடம் அப்பாடசாலையை நடத்தினார். வின்சிலோ குருவானவர் 1862இல் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதியை இன்றும் தமிழறிஞர் கையில் காணலாம். இவையெல்லாம் நம் புரட்டஸ்தாந்து அயலவர்கள் பெருமையோடு காத்துவரும் நினைவுகள்.

கத்தோலிக்கராகிய நமக்கோ வேறு நினைவுகள் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் வலிகாமத்து ஊர்களில் கத்தோலிக்க ஆலயங்கள் எழுந்தன. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியதும் அந்த ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குப் போயின. அச்சபையின் குருவாயிருந்த பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்து ஆலயங்களை வரிசைப்படுத்தும்போது உடுவிலையும் சொல்லுகிறார். கத்தோலிக்க குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நம் முன்னோர் இரவில் கூடி, மறைவில் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தனர். 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசே வாஸ் அடிகளாரைச் சில்லாலை மக்கள் தங்கள் வீடுகளில் மறைத்துக் காத்ததை நாம் மறந்ததில்லை. 2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நம் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டுக்கும் ஒரு மகுடம் சூட்டப்பட்டது போலவே உணர்ந்தோம்.

ஆக, ஒரே மண்ணில் இரு வீட்டாருக்கு இரு நினைவுகள். அவர்கள் பாடசாலை கட்டியதை நினைக்கிறார்கள்; நாம் ஆலயம் இழந்ததை நினைக்கிறோம். இரண்டும் உண்மை. 1841இல் தொடங்கிய அமெரிக்க மிசனின் 'உதயதாரகை'யும், 1876இல் தொடங்கிய நம் 'சத்தியவேத பாதுகாவலன்' பத்திரிகையும் பிறந்த காலம், ஒரு சபையார் மறு சபையாரைக் கண்டித்து எழுதுவதைப் பெரும் புண்ணியமாக எண்ணிய காலமாகும். அந்நாளைய எழுத்துகளில் அறிவு இருந்தது. அயலவன் மேல் அன்பு குறைவாயிருந்தது.

2. வேலி எங்கே நாட்டப்பட்டது?

உடுவில் சபையார் லூத்தரன் சபையார் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மிசனார் கொங்கிரிகேஷனல் மரபினர்; அவர்கள் வழிவந்த சபை 1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயிற்று. இலங்கையில் லூத்தரன் சபையார் மிகச் சிலரே. எனினும் பிரிவின் மூலத்தை அறிய வேண்டுமானால் மார்ட்டின் லூத்தரிடத்திலேயே போக வேண்டும். ஒப்புரவின் மூலமும் இந்நாட்களில் அங்கேயே வெளிப்பட்டது. ஆதலால் உடுவில் வீட்டுக்குப் போகும் வழி சற்றுச் சுற்றுவழியாய் இருந்தாலும் பொறுமையோடு வாருங்கள்.

1517ஆம் ஆண்டு ஜேர்மனியில் விற்றன்பேர்க் என்னும் ஊரில் அகுஸ்தீன் சபைத் துறவியும் வேதசாஸ்திர ஆசிரியருமாயிருந்த லூத்தர், ஞானபலன் விற்பனையைக் கண்டித்து 95 கூற்றுகளை வெளியிட்டார். முதல் கூற்றே மனந்திரும்புதலைப் பற்றியது: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாய் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதில் கத்தோலிக்கர் மறுக்கத்தக்கது ஏதுமில்லை. ஆனால் வாதம் வளர்ந்தது; கோபம் வளர்ந்தது; அரசர் தலையிட்டனர். 1521இல் லூத்தர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

வாதத்தின் நடுவே நின்ற கேள்வி இதுதான்: பாவியாகிய மனிதன் இறைவன் முன்னிலையில் எவ்வாறு நீதிமானாகிறான்? தன் நற்செயல்களாலா, இறைவனின் அருளாலா? லூத்தர், அருளாலேயே, விசுவாசத்தாலேயே என்றார். கத்தோலிக்கர், அருளாலேதான், ஆனால் அந்த அருள் மனிதனை உள்ளே மாற்றி நற்செயல் செய்ய வைக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசலாகாது என்றனர். 1547இல் திரெந்து சங்கம் இதுபற்றி விரிவான போதனையைத் தந்து, எதிரான கருத்துகளைக் கண்டித்தது. லூத்தரன் சபையாரும் தங்கள் நூல்களில் நம்மைக் கண்டித்தனர்.

கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நம் குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தேங்கி நிற்பதே நம் கிணற்று நீர். கமக்காரன் அந்த நீரை உண்டாக்கவில்லை. அது மேலிருந்து வந்த கொடை. ஆனால் அவன் இறைக்காவிட்டால் வெங்காயப் பாத்தி வாடிப்போகும். நீர் என் உழைப்பால் வந்தது என்று அவன் சொன்னால் அது அகந்தை. நீர் இருக்கிறதே, நான் ஏன் இறைக்க வேண்டும் என்று சொன்னால் அது சோம்பல். முதலாவது தவறைக் கண்டு லூத்தர் பயந்தார். இரண்டாவது தவறைக் கண்டு திரெந்துப் பிதாக்கள் பயந்தனர். இருவரும் ஒரே கிணற்றைப் பற்றியே பேசினார்கள். உரத்துப் பேசியபடியால் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை.

3. தமிழிலும் நடந்த சண்டை

இந்தச் சண்டை கடல் கடந்து தமிழுக்கும் வந்தது. 1706ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு லூத்தரன் குருமார் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்று, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கி, புதிய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்து அச்சிட்டார். ஆரோன் என்னும் தமிழர் 1733இல் லூத்தரன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே காலத்தில் தமிழ்நாட்டில் உழைத்தவர் நம் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய அதே பேனாவால் அவர் 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேர் இனத்தியல்பு' என்னும் கண்டன நூல்களையும் எழுதினார். தரங்கம்பாடியாரும் சும்மா இருக்கவில்லை. தமிழ் உரைநடைக்கு இந்தச் சண்டையால் இலாபம் உண்டாயிற்று; ஒரே கிறிஸ்துவின் பிள்ளைகளுக்கோ நட்டம்.

அன்று அவர்கள் வேதாகமச் சொல் ஒவ்வொன்றுக்கும் போரிட்டார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதைக் கத்தோலிக்க அறிஞரும் புரட்டஸ்தாந்து அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து உருவாக்கினர். வீரமாமுனிவரும் சீகன்பால்குவும் கனவிலும் காணாத காரியம் இது. நீங்கள் மாலைச் செபத்தில் அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒப்புரவின் கனி உங்கள் கையில் இருக்கிறது.

4. ஒரு கேள்விக்கு ஒன்றாய் எழுதிய பதில்

2ஆம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21ஆந் திகதி கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. பிரிவுக்கு இரு பக்கத்தாரும் குற்றவாளிகள் என்பதை அதில் சங்கப் பிதாக்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். இறைவனிடமும் பிரிந்த சகோதரரிடமும் மன்னிப்பை வேண்டினார்கள். அதன்பின் 1967 முதல் கத்தோலிக்க, லூத்தரன் வேதசாஸ்திரிகள் உலக அளவில் கூடிப் பேசத் தொடங்கினர். அவசரப்படவில்லை. நீ சொல்லுவது இதுதானே என்று ஒருவரையொருவர் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்தனர்.

முப்பத்திரண்டு வருடப் பொறுமைக்குப் பின் 1999 ஒக்டோபர் 31ஆந் திகதி ஜேர்மனியில் ஔக்ஸ்பூர்க் நகரத்தில் 'ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கை' கையெழுத்தாயிற்று. நம் பக்கத்தில் கர்தினால் எட்வர்ட் காசிடியும், லூத்தரன் உலக சம்மேளனத்தின் பக்கத்தில் ஆயர் கிறிஸ்டியன் கிறவுசவும் ஒப்பமிட்டவர்களுள் முக்கியமானவர்கள். அவ்வறிக்கை சொல்லுவதன் சாரம் இது: நம் தகுதியினால் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், அருளால் மாத்திரமே இறைவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார்; ஏற்றுக்கொள்ளப்பட்ட நாம் தூய ஆவியைப் பெற்று, உள்ளம் புதுப்பிக்கப்பட்டு, நற்செயல்களுக்கு அழைக்கப்படுகிறோம். இப்படி விளங்கிக்கொள்ளப்படும் போதனையை 16ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் தொடமாட்டா என்றும் இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டனர். நீர் கொடை, இறைப்பது கடமை. இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

இதனால் உடுவிலுக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்த உடன்பாடு அங்கே நின்றுவிடவில்லை. 2006இல் மெதடிஸ்த உலக சங்கம் அதனோடு இணைந்தது. 2016இல் அங்கிலிக்கன் ஆலோசனைச் சபை அதன் சாரத்தை ஏற்று வரவேற்றது. 2017 யூலையில் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம், லூத்தர் வாழ்ந்த விற்றன்பேர்க் நகரிலேயே கூடி அதனோடு இணைந்தது. இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். தென்னிந்திய திருச்சபை அங்கிலிக்கன், மெதடிஸ்த, சீர்திருத்த மரபுகள் மூன்றும் கூடிப் பிறந்த சபை. அந்த மூன்று மரபுகளின் உலக அமைப்புகளும் இன்று நம்மோடு அந்த உடன்பாட்டில் நிற்கின்றன. உடுவில் ஆலயத்தில் வேரூன்றிய மரபும், சில்லாலையில் நம் முன்னோர் காத்த விசுவாசமும், மனிதன் எவ்வாறு மீட்கப்படுகிறான் என்னும் அடிப்படைக் கேள்விக்கு இன்று அடிப்படையில் ஒரே பதிலைச் சொல்லுகின்றன. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வேலி நாட்டிய காரணம் பெரும்பாலும் நீங்கிவிட்டது என்ற செய்தி இரு வளவுக்கும் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்பதல்ல. திருப்பணி நிலை, பாப்பரசரின் அதிகாரம், நற்கருணை ஆகியவற்றில் இன்னும் வேறுபாடு உண்டு. அதனால் ஒரே பீடத்திலிருந்து ஒன்றாய் நற்கருணை வாங்க இன்னும் முடியவில்லை. அதை மறைப்பதும் ஒப்புரவு ஆகாது.

5. அவர்கள் சபையில் பாவ அறிக்கை

புரட்டஸ்தாந்து சபையாருக்குப் பாவசங்கீர்த்தனம் இல்லை என்று நம்மில் பலர் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். லூத்தரன் சபையைப் பொறுத்தவரையில் இது சரியல்ல. 1530ஆம் ஆண்டின் ஔக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கை, தனிப்பட்ட பாவமன்னிப்பு ஆலயங்களில் தொடர்ந்து வைத்துக்கொள்ளப்பட வேண்டும் என்றே கூறுகிறது. லூத்தர் தாமும் பாவ அறிக்கை செய்து வந்தார். அவருடைய சிறிய ஞானோபதேசத்தில் பாவ அறிக்கை செய்யும் முறையும் சேர்க்கப்பட்டது. காலப்போக்கில் தனி அறிக்கை குறைந்து, ஆராதனையின் தொடக்கத்தில் சபை முழுவதும் சேர்ந்து பாவத்தை அறிக்கையிட்டு, குருவானவரின் வாயால் மன்னிப்பைக் கேட்கும் முறை நிலைத்தது. தமிழ்ப் புரட்டஸ்தாந்து சபைகள் பலவற்றில் திருவிருந்துக்கு முன்னதாக ஆயத்த ஆராதனை நடப்பதை நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம்.

கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைக் கேட்கும் பகுதிக்கு லூத்தர் தந்த விளக்கம் ஒவ்வொரு லூத்தரன் பிள்ளையும் மனனம் செய்யும் பாடம். அதன் பொருள் எளியது: நாம் கேட்பது எதற்கும் நமக்குத் தகுதியில்லை, எல்லாம் அருளாக வேண்டும், ஆகவே நமக்குத் தீங்கு செய்தவர்களை நாமும் மனமார மன்னித்து, அவர்களுக்கு நன்மை செய்ய வேண்டும். கவனியுங்கள்: அவன் முதலில் திருந்தட்டும், பிறகு மன்னிப்போம் என்று அதில் இல்லை. மன்னிப்பைக் கொடையாகப் பெற்றவனுக்கு அதை விலைபேசி விற்க உரிமையில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு தெனாரியத்துக்காகத் தன் உடன் ஊழியனின் கழுத்தை நெரித்த உவமை இதையே போதிக்கிறது.

நாம் பங்குக் குருவானவரிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெறுகிறோம். அது பெரும் வரம். ஆனால் உங்களையே கேட்டுப் பாருங்கள்: பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து வந்து, பேசாதிருக்கும் தம்பியின் வாசலை மிதிக்காமலே அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

6. முழங்காலில் நின்ற சபை

லூத்தரன் சபையார் நம்மோடு மட்டும் ஒப்புரவாகவில்லை. 16ஆம் நூற்றாண்டில் மெனனைற் சபையாரின் முன்னோரை லூத்தரன் ஆட்சியாளர் துன்புறுத்தினர். லூத்தரன் வேதசாஸ்திரிகள் அதற்கு நியாயம் எழுதிக் கொடுத்தனர். 2010 யூலையில் ஜேர்மனியில் ஸ்ரூட்கார்ட் நகரில் கூடிய லூத்தரன் உலக சம்மேளனத்தின் மகாசபை, அதற்காக இறைவனிடமும் மெனனைற் சகோதரரிடமும் மன்னிப்புக் கேட்டது. அங்கிருந்த பலர் முழங்காலில் நின்றனர். மெனனைற் சபையாரின் தலைவர் அவர்களுக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார். அது கால் கழுவுவதற்கான மரத்தொட்டி. தங்கள் வழிபாட்டில் ஒருவர் காலை ஒருவர் கழுவும் வழக்கமுடையவர்கள் அவர்கள். மன்னிப்புக் கேட்டவரிடம், இனி ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம் என்று சொல்ல அதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஆறு வருடங்களின் பின், 2016 ஒக்டோபர் 31ஆந் திகதி, சுவீடனில் லுண்ட் பேராலயத்தில் பாப்பரசர் பிரான்சிசும் லூத்தரன் உலக சம்மேளனத்தின் தலைவராயிருந்த பலஸ்தீன ஆயர் முனிப் யூனானும் சேர்ந்து வழிபாடு நடத்தினர். 1947இல் அந்தச் சம்மேளனம் உருவான நகரமும் அதுவே. ஐந்நூறு வருடத்துக்கு முன் நடந்தவற்றுக்கு வருந்தி, நன்மைகளுக்கு நன்றி கூறி, ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் சேர்ந்து பணிசெய்ய உறுதி கூறி இருவரும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். பழையதை அழிக்க முடியாது; ஆனால் பழையதை நினைக்கும் விதத்தை மாற்ற முடியும் என்பதே அந்நாளின் பாடம்.

7. நம் வாசலில்

உடுவில் பக்கத்திலும் வலிகாமம் எங்கும் கத்தோலிக்கப் பெண் புரட்டஸ்தாந்து வீட்டில் மணமாகியும், புரட்டஸ்தாந்துப் பெண் நம் வீட்டில் மணமாகியும் வாழ்கிறார்கள். முன்னைய சட்டத்தின்படி இரு பக்கத்தாருமே வாக்குறுதி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1970இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் இந்த ஒழுங்கை மாற்றினார். இப்போது கத்தோலிக்கத் துணைவரே தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகள் கத்தோலிக்கராய் ஞானஸ்நானம் பெற்று வளரத் தம்மாலானதைச் செய்வதாகவும் வாக்களிக்கிறார். மற்றவருக்கு அது அறிவிக்கப்படுகிறது. தண்ணீராலும், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலும் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவருக்கு நாம் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆகையால் உங்கள் மருமகன் 'வேதத்துக்குப் புறம்பானவர்' அல்லர். ஒரே ஞானஸ்நானத்தில் உங்கள் சகோதரர். வேலிக்கு அப்பால் இருந்தாலும் நிலத்தடி நீர் ஒன்றே.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தாயார் கத்தோலிக்கர், தகப்பனார் உடுவில் சபையார். தாயார் மரிக்கிறார். எந்தச் சேமக்காலை, எந்தக் குருவானவர், எந்தப் பாட்டு என்று பிள்ளைகள் பிரிந்து நிற்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன் ஞாயிறு காலையில் அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாகப் போனபோது மனதில் கிடந்த பாரமெல்லாம் அன்றைக்கு வெளியே வருகிறது. இத்தகைய தம்பதிகள் ஒரே பந்தியில் அமர முடியாது படும் வேதனையை லுண்ட் அறிக்கையும் எடுத்துச் சொன்னது. மேலே சொன்ன பெரிய சபைகள் நடந்த பாதையே இந்த வீட்டுக்கும் பாதை.

முதலாவது, கேளுங்கள். உன் மனதில் கிடந்தது என்ன என்று மறு பக்கத்தாரைக் கேட்டு, அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள். வேதசாஸ்திரிகளுக்கு இதற்கு முப்பத்திரண்டு வருடம் எடுத்தது. உங்களுக்கு ஒரு மாலை போதாது என்றால் மனம் தளரவேண்டாம்.

இரண்டாவது, உங்கள் பங்குக் குற்றத்தை மட்டும் அறிக்கையிடுங்கள். அவருடைய பங்கை அவர் பார்த்துக்கொள்வார். 'நான் செய்தது பிழை, ஆனால் நீயும்...' என்று தொடங்கும் மன்னிப்பு மன்னிப்பல்ல. அது புதிய வழக்கு.

மூன்றாவது, சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். கல்லறையைச் சேர்ந்து துப்புரவாக்குங்கள். ஆண்டு நினைவில் ஒரே மேசையில் உண்ணுங்கள். பொது மொழிபெயர்ப்பில் ஓர் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். யாழ்ப்பாணத்து வேலியில் பொட்டு ஒன்று இருக்கும். கறிச்சட்டியும் நெருப்பும் செய்தியும் அதனூடாகப் போய்வரும். வேலி ஒரே நாளில் விழாது. பொட்டை முதலில் திறக்கலாம்.

8. மறைக்கக் கூடாத ஒரு சுவர்

ஒப்புரவைப் பற்றிப் பேசும் நாம் நம் சொந்த ஆலயத்துக்குள் நிற்கும் சுவரைப் பற்றி மௌனமாயிருந்தால் அது போலித்தனம். தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் எல்லாவற்றையும் பீடித்த நோய் சாதி. தஞ்சாவூர், வேப்பேரி பகுதிப் பழைய லூத்தரன் வழிச் சபைகளில் ஆசனமும் பாத்திரமும் சாதியால் பிரிந்திருந்தன. 1833இல் அங்கிலிக்கன் மேற்றிராணியார் டானியேல் வில்சன் அதை ஆலயத்திலிருந்து நீக்கவேண்டும் என்று கட்டளையிட்டபோது பலர் சபையையே விட்டுப் போனார்கள். நம் பக்கமும் குறைந்ததல்ல. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கென்றே சுவர் எழுப்பப்பட்டு, 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆலயங்களில் யார் முன்னே, யார் பின்னே என்ற பேச்சை நம் மூத்தவர்கள் அறிவார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் உடுவில் மரபைச் சேர்ந்த சபைக்குள்ளும் பிரிவு ஏற்பட்டது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு அருகதையில்லை. நம் பங்குகளில் திருவிழாச் செலவுக்கும் கொடியேற்றத்துக்கும் பிரிந்து நின்றதை நினைத்தால் போதும். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்கிறார் சின்னப்பர். அவர் தகர்த்ததை மறுபடி கட்டுகிறவர்கள் யார்?

ஆனால் ஒரு முறை நாம் சுவரில்லாமல் நடந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறித் தென்மராட்சியை நோக்கி நடந்தது. உடுவில், மானிப்பாய், சண்டிலிப்பாய், சில்லாலை எல்லாம் ஒரே தெருவில். மழையும் சேறும். நாவற்குழிப் பாலத்தில் நெருங்கி நின்ற லட்சக்கணக்கானோரில் யார் கத்தோலிக்கர், யார் தென்னிந்திய திருச்சபையார், யார் சைவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாய் தண்ணீரை யார் கையிலிருந்தும் வாங்கிக் குடித்தோம். அதற்கு முந்திய யூலை 9ஆந் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும், குண்டு சமயமோ சாதியோ பார்க்கவில்லை.

பயத்தில் நாம் ஒன்றானோம். திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கியதும் முதலில் செய்தது என்ன? பலர் வேலியைத்தான் அடைத்தோம்.

துன்பத்தில் தானாக வந்த ஒற்றுமையைச் சமாதானத்தில் மனமறிந்து செய்வதே கிறிஸ்தவ ஒப்புரவு. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால் பீடத்தின் முன்னே காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் கட்டளையிடுகிறார். அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் என்கிறார். உனக்கு அவன்மேல் என்று சொல்லவில்லை. முதலில் எழுந்து நடக்க வேண்டியவன் நான். காணிக்கை அங்கேயே இருக்கும், ஆண்டவர் காத்திருப்பார்.

குடும்பத்தில் சேர்ந்து சிந்திக்க:

1. நம் அயலிலுள்ள புரட்டஸ்தாந்து குடும்பத்தாரின் விசுவாசத்தைப் பற்றி நாம் சொல்லிவரும் எந்தக் கருத்து, அவர்களிடம் கேட்டு அறியாமல் சொல்லுவது?

2. நம் வீட்டில் பேசப்படாதிருக்கும் பெயர் யாருடையது? எந்த வருடத்திலிருந்து?

3. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கும் வாரத்தில் யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து செபிக்கலாம்?

4. அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நான் மிதிக்க வேண்டிய வாசல் எது?

நாலாவது கேள்விக்குப் பதிலை வாயால் சொல்லத் தேவையில்லை. எழுந்து போனால் போதும்.